தீராத பன்னிரண்டு

அத்தியாயம் 14

“அந்த டிரைவரை இன்னும் எத்தனை வாரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டு இந்த வாரம் வாசகர்களிடமிருந்து மூன்று கடிதங்கள். ஒன்றில் எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்? மனுஷன் காலை எடுத்து வைத்தால்தானே நான் எழுத முடியும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் போய்ப் பழவண்டி ஒன்றில் மோதியது. ஓட்டியவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவர். பழக்காரர் அந்தப் பக்கம். பழக்காரருக்கு ஒரு கால் போயிற்று. அன்று சாயங்காலம் பஸ் எரிந்தது. மறுநாள் இரண்டு பக்கத்திலும் கடைகள் எரிந்தன. அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எங்கே பார்த்தாலும் சண்டை.

அப்போதுதான் டிரைவரின் மனைவி, ஊரே தையலக்கா என்று கூப்பிடுகிறவள், மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். இந்தப் பக்கத்தில் நாலு பெண்கள், அந்தப் பக்கத்தில் நாலு பெண்கள். ‘இருபக்கப் பெண்கள் அமைதிக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். எங்கே தகராறு என்றாலும் பக்கத்துக்கு ஒருத்தியாகப் போய் நடுவில் உட்காருவார்கள். குழுவின் செயலாளர் யார் தெரியுமா? கால் இழந்த பழக்காரரின் மனைவி. அவளே வந்து சேர்ந்தாள். டிரைவர் மட்டும் இன்றுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

போன அத்தியாயத்தின் கடைசியில் குழுவுக்கு ஒரு கடிதம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் நடத்தும் அமைதி அமைப்புகளை வலுப்படுத்தச் சிறு நிதியுதவி தருகிற இடத்திலிருந்து வந்தது. உங்கள் விண்ணப்பம் முதல் கட்டம் தேறியது, நேரில் பார்க்க ஆள் வருகிறது என்று.

அந்த ஆள் வந்த நாள்தான் இன்றைக்கு.

*

தையல் கடையில் காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. தையலக்காவின் மகள்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

கூரியர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, வெட்டுப் பலகையின் மேல் இருந்த துணிகளையெல்லாம் மூட்டை கட்டி உள்ளே தள்ளினாள். மிஷின்களைச் சுவரோரம் நகர்த்தினாள். விண்ணப்பம் முழுவதும் அவள் கைவேலை. பதினெட்டுப் பக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயிற்று. குழுவில் எல்லோரும் அவளை ‘கம்ப்யூட்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

இந்த உதவி கிடைத்தால் கேட்டை ஒட்டி இருக்கும் பழைய பார்சல் அறையை வாடகைக்கு எடுக்கலாம். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று இந்தப் பக்கம் திறக்கும், ஒன்று அந்தப் பக்கம். இப்போது தகராறைச் சொல்ல வருகிற அந்தப் பக்கத்துப் பெண்கள் இந்தத் தையல் கடை வரைக்கும் வர வேண்டியிருக்கிறது. “அவங்க ஆளுங்க தெருவுக்கா போறே?” என்று வீட்டில் தடுத்துவிடுகிறார்கள். இரண்டு கதவு இருந்தால் யாரும் யார் தெருவுக்கும் போக வேண்டாம். அவரவர் பக்கத்துக் கதவைத் தட்டினால் போதும்.

மகள் அந்த அறையைப் பற்றி விண்ணப்பத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாள். இப்போது பெண்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“வர்ற மேடம் கேள்வி கேப்பாங்க. நல்லதை மட்டும் சொல்லுங்க. குழாய்ச் சண்டை தீர்ந்தது, சின்னப் பொண்ணு கல்யாணத்தைத் தடுத்தது, ஆட்டோ ஸ்டாண்ட் விவகாரம். அது போதும்.”

“ஆட்டோ ஸ்டாண்ட்ல ஒருத்தன் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தானே இருக்கான்?” என்றாள் மளிகைக்கடைக்காரம்மா. இந்தப் பக்கத்துக்காரி, குழுவின் பொருளாளர் அவள்.

“முறைக்கிறதை எல்லாம் சொல்ல வேண்டாம் அத்தை.”

“முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நான் சொன்னதை இப்ப எனக்கே சொல்லுது இந்தப் பொண்ணு” என்று சிரித்தாள் டீச்சர். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள், போன வருடம்தான் ஓய்வு பெற்றாள்.

டிரைவர் டெப்போவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். விபத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, டெப்போவில் நேரம் குறிக்கிற வேலை. எங்கிருந்தோ எட்டு நாற்காலி இரவல் வாங்கித் தோளில் இரண்டிரண்டாகச் சுமந்து வந்து போட்டார். போட்டுவிட்டுத் துணி மூட்டைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“செக்ரட்டரி எங்கம்மா?” என்றாள் மகள்.

“அவ வரமாட்டா. இன்னிக்குத்தான் அவ வீட்டுக்காரருக்குப் புதுக் கால் மாட்டுறாங்க. காலைலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா” என்றாள் தையலக்கா.

மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தையலக்கா அதைப் பார்த்தாள்.

*

சரியாக இரண்டு மணிக்கு மேடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பேச்சில் சிக்கனம், சிரிப்பில் இன்னும் சிக்கனம். தோளில் மாட்டியிருந்த பையின் வார் ஒரு பக்கம் அறுந்து, முடிச்சுப் போட்டிருந்தது.

மகள் அதைப் பார்த்ததுமே, “கொடுங்க மேடம், ரெண்டு நிமிஷத்துல தைச்சுடலாம்” என்று கையை நீட்டினாள்.

தையலக்கா மகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“வேலை முடியட்டும். கையெழுத்துக்கு முன்னாடி தைச்சா அதுக்கு வேற பேரு.”

மேடம் ஒரு விநாடி தையலக்காவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் கேள்வி எதுவும் கேட்கப் போறதில்லைங்க. வழக்கமா உங்க கூட்டம் எப்படி நடக்குமோ அப்படியே நடத்துங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

மகள் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தாளே தவிர, கூட்டத்தை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஏனென்றால் இந்தக் குழுவின் கூட்டம் ஆரம்பிக்கிற முறையே வேறு.

முதல் வருடத்தில் எல்லோரும் வந்ததும் வராததுமாக, “நான் அதைத் தீர்த்தேன், நான் இதைத் தீர்த்தேன்” என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படித் தீர்ந்ததாகச் சொன்ன ஒரு வேலித் தகராறு பதினைந்தே நாளில் அரிவாள் வரைக்கும் போய்விட்டது. அதிலிருந்து தையலக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். தோற்றதை முதலில் சொல்ல வேண்டும். ஜெயித்ததற்கு நேரம் இருந்தால் பார்க்கலாம். நிறைய நாள் நேரம் இருக்காது.

மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். தையலக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“சரி. தோத்ததுலேருந்து ஆரம்பிப்போம்.”

அவ்வளவுதான். அதுவரைக்கும் பேசத் தயங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்த ஒரு வார்த்தையில் வாய் திறந்துகொண்டது. காலையில் எடுத்த பாடம் காற்றோடு போயிற்று.

“சாக்கடைத் தண்ணி விவகாரம் தீரலை” என்றாள் மளிகைக்கடைக்காரம்மா. “நாலு தடவை போயாச்சு. அஞ்சாவது தடவை நாயை அவுத்து விட்டாங்க. செருப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கு.”

“நான் ஒண்ணைக் கெடுத்துட்டேன்” என்றாள் டீச்சர். “ரெண்டு தாய்மார். ஒருத்தி பொண்ணு பக்கத்துல இன்னொருத்தி பொண்ணு வகுப்புல உட்காரக் கூடாதாம். நான் கேட்டுக்கிட்டு மட்டும் இருந்திருக்கணும். அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுட்டேன். பழக்கதோஷம். ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்க. ஒற்றுமைன்னு வேணா எழுதிக்கலாம்.”

மேடத்தின் பேனா நிற்காமல் ஓடியது. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல மகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போனாள். தோற்றவை பதினொன்று ஆயிற்று. இனியாவது முடிந்தது என்று அவள் மூச்சு விட்டபோது தையலக்கா சொன்னாள்.

“பன்னெண்டாவது என்னோடது. ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னிக்கும் சொல்றேன். கால் போனவருக்கும் பஸ் ஓட்டினவருக்கும் இன்னும் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. ஓட்டினவர் என் வீட்டுக்காரர். ஊர் வீடெல்லாம் ஏறி இறங்குறேன், என் வீட்டு விவகாரத்துல நான் தோத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஒவ்வொரு மாதமும் அவள் இதைச் சொல்கிறாள் என்று பெண்களுக்குத் தெரியும். மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரியாது. அவர் கூட்டத்துக்கு வந்ததே இன்றைக்குத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் எழுதியதை ஒரு தடவை விரலால் எண்ணினார்.

“தீராதது பன்னிரண்டு. மொத்தம் எத்தனை எடுத்தீங்க?”

“நாப்பத்தொண்ணு. இருபத்தொம்பது தீர்ந்திருக்கு” என்றாள் தையலக்கா.

மேடம் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அதைத் தையலக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“விண்ணப்பத்துல ‘தீர்த்து வைத்த தகராறுகள் நாற்பத்தொன்று’ன்னு இருக்கே. கீழே உங்க கையெழுத்தும் இருக்கு.”

மகள் கொடுத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள் தையலக்கா. பதினெட்டுப் பக்கத்தையும் படித்துப் பார்க்கவில்லை. பெற்ற மகள் எழுதியதைப் படித்துப் பார்ப்பாளா? இப்போது அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

மகள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“தோத்ததை முதல்ல சொல்லணும்னா நானும் சொல்லணும் மேடம். அதை எழுதினது நான். அம்மா எங்கிட்டச் சொன்னது இருபத்தொம்பது. அந்தக் கட்டத்துல இருபத்தொம்பதுன்னு போட்டா கம்மியாத் தெரியுமோன்னு நாப்பத்தொண்ணுன்னு போட்டேன். இவங்க யாருக்கும் தெரியாது. இதுக்காக இவங்களைத் தள்ளிடாதீங்க.”

மளிகைக்கடைக்காரம்மா எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.

மேடத்தின் முகத்தில் இரக்கமும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

“விண்ணப்பத்துல தப்பான தகவல் இருந்தா நான் நிராகரிக்கணும். அது விதி. நேரில் பார்க்க வர்ற அன்னிக்கே குழுவே திருத்திக் கொடுத்தா ஏத்துக்கலாம். அதுவும் விதிதான். இந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்க. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்கு நான் ஃபைலை மூடிடுவேன். அஞ்சரைக்கு எனக்கு ரயில்.”

தலைவி இருக்கிறாள். பொருளாளர் இருக்கிறாள். செயலாளர்தான் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

தையலக்கா போன் போட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். “அவரைத் தனியா விட்டுட்டு வர முடியாதுக்கா, புதுக் காலோட பழகிக்கிட்டிருக்காரு, விழுந்துடுவாரு. பேப்பரைக் கொடுத்து அனுப்புங்க” என்றாள் செயலாளர்.

மகள் புதிய தாளில் எழுதினாள். எடுத்தவை நாற்பத்தொன்று. தீர்ந்தவை இருபத்தொன்பது. தீராதவை பன்னிரண்டு. இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“நானும் வரேன்” என்று ஒரு குரல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் எழுந்து நின்று சட்டையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

தையலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் எப்போது பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

*

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. மகள் வண்டியை அணைத்துவிட்டு மணியைப் பார்த்தாள். மூணே முக்கால்.

“பாப்பா” என்றார் டிரைவர். “நான் இத்தனை நாள் போகாதது பயத்துலன்னு நெனைச்சியா?”

“இல்லையாப்பா?”

“அடிப்பாங்கன்னு பயம் இல்லை. அடிச்சிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். கோர்ட்ல பிரேக் கோளாறு, இவர் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. தப்புப் பண்ணினவன் போய் மன்னிப்புக் கேக்கலாம். தப்பில்லாதவன் போய் என்னத்தைக் கேக்கிறது? ‘உங்களுக்குக் கால் போச்சு, எனக்குத் தப்பில்லை’ன்னு சொல்லவா?”

பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டே இருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி இன்னொரு தடவை சொல்ல மகளுக்கு இஷ்டமில்லை.

“அம்மாகிட்டக் கேட்டிருக்கலாமே?”

“வீட்டுக்குள்ளயே டாக்டர் இருந்தா யார் போய் வியாதியைச் சொல்றா? அப்புறம் பார்க்கலாம்னே மூணு வருஷம் ஓடிப்போச்சு.” கடைசிப் பெட்டி போனதும், “மாசாமாசம் என்னைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாளா?” என்றார்.

“கடைசியிலதான்பா சொல்லுவாங்க. பன்னெண்டாவதா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட் திறந்தது.

*

கதவைத் திறந்த செயலாளர், “வா கண்ணு” என்றாள். அப்புறம்தான் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். கதவில் வைத்த கை அப்படியே நின்றது.

அவள் நினைத்திருந்தால் பேப்பரை வாசலிலேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். அவள் கதவை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்.

“யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க.”

பழக்காரர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். புதுக் காலின் ஷூ மட்டும் பளபளவென்று இருந்தது. மற்றக் காலில் செருப்பு. வாசல் பக்கம் திரும்பினார்.

“டிரைவரா?”

“ஆமா.”

“உள்ள வந்து உட்காருங்க. நான் நிக்கிறதுதான் இன்னிக்குப் பெரிய விஷயம். நீங்க எதுக்கு நிக்கிறீங்க?”

டிரைவர் உள்ளே வந்து ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். பழக்காரர் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு எட்டு வைத்து, கட்டிலைப் பிடித்து உட்கார்ந்தார். அந்த இரண்டு எட்டு முடிகிற வரைக்கும் அறையில் யாரும் மூச்சு விடவில்லை. உட்கார்ந்த பிறகும் இரண்டு பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் போனாள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை அவள். முதல் விண்ணப்பம் வந்தபோது மட்டும் ஆஸ்பத்திரி அலைச்சலில் படிக்காமல் போட்டுவிட்டாள். இன்றைக்கு வரி வரியாகப் படித்தாள்.

“தீராதவை பன்னிரண்டு” என்று சத்தமாகப் படித்து நிறுத்தினாள்.

மகள் பார்த்தாள். ஸ்டூலில் அப்பா. எதிரே கட்டிலில் பழக்காரர். மூன்று வருடமாக நடக்காதது கண் முன்னால் நடந்திருக்கிறது. அவளுக்கு ஆசை பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்வது, பழகிய கை.

“பதினொண்ணுன்னு மாத்திடட்டுமா அத்தை? அதான் அப்பா வந்துட்டாங்களே.”

செயலாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

“வந்திருக்காரு, சரி. வந்துட்டாத் தீர்ந்துச்சா?”

மகள் பதில் சொல்வதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

“பன்னெண்டாவே இருக்கட்டும் பாப்பா. நான் இன்னும் வாயே திறக்கலை.”

“நானும் ஒண்ணும் கேக்கலை” என்றார் பழக்காரர் கட்டிலிலிருந்து. “அவர் சொல்றது சரிதான். பன்னெண்டு.”

மூன்று வருடத்தில் அந்த இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. செயலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே ஒரு பெருமை. ஒரு நல்ல பேருக்காக, ஓர் அறைக்காக, அந்த எண்ணிலிருந்து ஒன்றைக் குறைக்க அந்த வீட்டில் ஒருவரும் தயாராக இல்லை.

“கிளம்பலாமாப்பா? மணி நாலே கால்.”

“நீ போ” என்றார் டிரைவர். “நான் நடந்து வரேன்.”

*

வழியில் மறுபடியும் கேட் போட்டு, அவள் கடைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம்.

மேடம் தாளைப் படித்தார். மூன்று கையெழுத்தையும் பார்த்தார். கோப்பில் கோத்துவிட்டு மூடினார்.

“முதல் விண்ணப்பத்துல தகவல் தப்பா இருந்ததுன்னு எழுதுவேன். எழுதாம விட மாட்டேன். அதைச் சொன்னது யாரு, எப்படிச் சொன்னாங்கங்கிறதையும் எழுதுவேன். ரெண்டையும் படிச்சுட்டு மேலே முடிவு பண்ணுவாங்க. திங்கட்கிழமை தெரியும்.”

“கிடைக்குமா மேடம்?” என்று டீச்சரே கேட்டுவிட்டாள்.

“அதை நான் சொல்லக் கூடாதுங்க.” மேடம் எழுந்தார். “அந்த ரெண்டு கதவு அறை ஸ்டேஷன் போற வழியிலதானே இருக்கு? ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போறேன்.”

“இப்பக் கொடுங்க பையை” என்றாள் தையலக்கா. மிஷின் பதினைந்தே விநாடி ஓடியது. வார் இனி ஏழேழு ஜென்மத்துக்கும் அறாது. மேடம் முதல் தடவையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் தையலக்கா மகளின் பக்கம் திரும்பினாள். திட்டு விழப்போகிறது என்று மகள் தலையைக் குனிந்தாள்.

“எழுதினது தப்பு. அதுக்கு வீட்டுல வெச்சுக்கிறேன்” என்றாள் தையலக்கா. “ஆனா அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு சொன்னே பாரு. என் பொண்ணுன்னு சொல்லிக்க எனக்கு அது போதும்.” பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். “அப்பா எங்க?”

“அங்கதான்மா இருக்காங்க.”

“எங்க?”

“செக்ரட்டரி வீட்டுல. ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க.”

தையலக்கா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டீச்சரும் மளிகைக்கடைக்காரம்மாவும் இரவல் நாற்காலிகளை மடக்குகிறேன் பேர்வழி என்று வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆறு மணி இருக்கும். வெட்டுப் பலகையின் மேல் இருந்த குழுவின் போன் அடித்தது. தகராறு என்றால் ஊர் கூப்பிடுகிற நம்பர் அது.

“இருபக்கப் பெண்கள் குழு. சொல்லுங்க” என்றாள் தையலக்கா.

“ஒரு தகராறு இருக்குங்க” என்றது மறுமுனைக் குரல். “மூணு வருஷத்துத் தகராறு. ரெண்டு பேரும் பேசணும்னுதான் உட்கார்ந்திருக்கோம். ஆரம்பிக்கத் தெரியலை. யாராவது வந்து நடுவுல உட்கார முடியுமாங்க?”

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளை ‘ங்க’ போட்டுக் கூப்பிடாத மனுஷன். தையலக்கா கண்ணை மூடித் திறந்தாள். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள்.

“ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் கூப்பிடுறீங்களா?”

“ஆமாங்க. அவரும் பக்கத்துலதான் இருக்காரு.”

“சரி. எங்க குழுவுல ஒரு முறை உண்டு. சொந்த வீட்டு விவகாரத்துல அந்த வீட்டு ஆள் உட்காரக் கூடாது. செக்ரட்டரியை எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. நானும் வர மாட்டேன். பக்கத்துக்கு ஒருத்தரா ரெண்டு பேர் வருவாங்க. இருபது நிமிஷம் ஆகும்.”

“நீ வர மாட்டியா?” என்றது குரல், ‘ங்க’ மறந்து.

“வர மாட்டேன்.”

உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். டீச்சரும் மளிகைக்கடைக்காரம்மாவும் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர், அறிவுரை மட்டும் வேண்டாம்.”

“வாயைத் தைச்சுக்கிட்டே போறேன் தையலக்கா.”

இரண்டு பேரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வீட்டில் நடுவே போய் உட்கார்ந்தவள், போக வேண்டிய ஒரு வீட்டுக்குப் போக முடியாமல் நின்றாள். அங்கே என்ன பேசுவார்களோ, பேச்சு எங்கே போய் முடியுமோ, எதுவும் அவள் கையில் இல்லை.

“கஷ்டமா இருக்காம்மா?” என்றாள் மகள்.

தையலக்கா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் மகள் இதுவரைக்கும் பார்க்காத மாதிரி மலர்ந்திருந்தது.

“பார்த்தியாடி? உங்கப்பா போன் பண்ணினது என் நம்பருக்கு இல்லை. குழு நம்பருக்கு.”